பொங்கலும் பிறந்தநாளும் ஒரே நாளில் வந்தால்: முட்டையில்லாத ஸ்ட்ராபெர்ரி கேக்

மகள் பிறந்தது ஜனவரி 15. பொங்கல் 14ஆம் தேதி வந்தால் அவள் பிறந்தநாள் மாட்டுப் பொங்கலில் விழும், 15ஆம் தேதி வந்தால் பெரும்பொங்கலிலேயே விழும். 2023, 2024 இரண்டு வருடமும் பொங்கல் 15ஆம் தேதிதான், 2025இல் ஒரு நாள் முன்னால் போனது, 2026இல் மறுபடி 15. எந்தத் தேதியில் வந்தாலும் அந்த வாரம் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், தெருமுனை பேக்கரியில் மூன்று நாள் முந்தைய பிளாக் ஃபாரஸ்ட் ஒன்று கண்ணாடிக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும். அதனால் கேக் வீட்டில்தான். அதிலும் அம்மா முதல் வருடமே கறாராகச் சொல்லிவிட்டார்: "பொங்கலும் அதுவுமா வீட்டுல முட்டை உடைக்காதே." சரி, முட்டையும் கிடையாது.

ஜனவரியில் பிறந்ததில் ஒரு லாபம் உண்டு, அப்போதுதான் ஸ்ட்ராபெர்ரி மலிவு. மகாபலேஸ்வர் பழம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வரத்து இருக்கும், கோயம்புத்தூர் பக்கம் இருக்கிற எங்களுக்கு ஊட்டிப் பழமும் கிடைக்கும். ஊட்டிப் பழம் சற்றுப் புளிக்கும், ஆனால் கேக்கின் மேலே உட்காரும் பழத்துக்குக் கொஞ்சம் புளிப்பு இருப்பதே நல்லது, கீழே இருக்கிற க்ரீமும் சர்க்கரையும் அதைச் சமன் செய்துவிடும்.

முதல் வருடம் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பொங்கல் வைத்து முடித்த கையோடு பதினொரு மணிக்கே கேக்கை அலங்கரித்துவிட்டேன். பழத்தைக் கழுவி, அழகாக இருக்கட்டுமே என்று இரண்டிரண்டாக நறுக்கி, வெட்டிய பக்கம் மேலே தெரிகிற மாதிரி அடுக்கி, மினுங்கட்டும் என்று பொடித்த சர்க்கரையையும் தூவி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால், வெள்ளை க்ரீமில் நாலைந்து இடத்தில் சிவப்பாகக் கோடு இறங்கி, மகள் பெயரின் முதல் எழுத்து கரைந்து, ஓரத்தில் இருந்த இரண்டு பழங்கள் சறுக்கித் தட்டில் கிடந்தன. கேக்குக்கு அடிபட்டு ரத்தம் வந்த மாதிரி இருந்தது. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் நிற்கிறதே, அதே கதைதான். சர்க்கரையும் உப்பைப் போலவே பழத்துக்குள் இருக்கிற நீரை வெளியே இழுக்கும், வெட்டின பழம் என்றால் இன்னும் சீக்கிரம். இந்தக் கேக்கில் மாவு, ஓவன், க்ரீம் எல்லாம் இரண்டாம்பட்சம். பழத்தின் நீர் எங்கே போகிறது என்பதைக் கவனித்தால் போதும், மற்றது தானாக வரும்.

இனி வேலை. 7 அங்குல வட்டக் கேக், பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும்.

முதலில் பழம் வாங்குவது. 200 கிராம் பெட்டி இரண்டு வேண்டும். பெட்டியை வாங்கும்போது கவிழ்த்து அடியைப் பாருங்கள், ஏனென்றால் மேலே பெரிய பழமாக நாலு சிரிக்கும், அடியில் நசுங்கினது படுத்திருக்கும், இது எந்தக் கடையிலும் உள்ள வழக்கம். காம்புக்கு அடியில் வெள்ளையாக இருக்கிற பழத்தை நாளைக்குப் பழுத்துவிடும் என்று நம்பி வாங்காதீர்கள். மாங்காய் மாதிரி வைக்கோலில் போட்டுப் பழுக்க வைக்கிற சாதி இல்லை இது, பறித்ததோடு பழுப்பது நின்றுவிடும், பிறகு மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு ஏறாது. மூடியிருக்கிற பெட்டியிலிருந்தே வாசனை வந்தால் அது நல்ல பெட்டி. வாங்குவது பொங்கலுக்கு முந்தின நாள் போதும், அதற்கு முன்னால் வாங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

கேக்கைப் போகியன்று மாலையே சுட்டுவிடுங்கள். பொங்கலன்று அடுப்பங்கரை உங்களுடையது இல்லை. இன்னொரு காரணமும் உண்டு, ஒரு ராத்திரி ஆறின கேக் உதிராமல் வெட்ட வரும். இந்தக் கேக் எண்ணெய் ஊற்றிச் செய்வது என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கட்டியாகாது. வெண்ணெய் போட்ட கேக் குளிரில் செங்கல் மாதிரி இறுகிவிடும், க்ரீம் கேக்குக்கு அது சரிப்படாது.

புளிக்காத கெட்டித் தயிர் 250 கிராம், சர்க்கரை 150 கிராம். இரண்டையும் சர்க்கரை கரையும்வரை அடித்துக்கொள்ளுங்கள், தயிர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு இருக்கக் கூடாது. அதில் பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டால் தோசை மாவு பொங்குவது போலக் குமிழ் குமிழாக எழும்பும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து காற்றை உண்டாக்குகிறது, முட்டை செய்ய வேண்டிய வேலையை இங்கே அந்தக் காற்றுதான் செய்கிறது. குமிழே வரவில்லையா, உங்கள் சோடா பழசு, மேலே போகாமல் புதிது வாங்கி வாருங்கள். அப்புறம் வாசனையில்லாத ரீஃபைண்டு எண்ணெய் 120 மில்லி, வனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றினால் கேக் முறுக்கு வாசத்தோடு வரும். கடைசியாக, இரண்டு தடவை சலித்த மைதா 190 கிராமை மூன்று பாகமாகப் போட்டு, அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்குங்கள். மாவு தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும், சின்னச் சின்னக் கட்டி இருந்தால் பரவாயில்லை. புரோட்டா மாவைப் போட்டு அடிக்கிற மாதிரி இதையும் அடித்தால் கேக்கும் புரோட்டா மாதிரிதான் இழுக்கும்.

குமிழ் கிளம்பிய மாவு காத்திருக்காது. அதனால் தயிரில் சோடா போடுவதற்கு முன்பே ஓவனை 180 டிகிரியில் சூடுசெய்ய விட்டு, டின்னுக்கு எண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போட்டு வைத்திருங்கள். 35 முதல் 40 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறந்து பார்க்கிற ஆசையை அடக்க வேண்டும், திறந்தால் நடுவில் பள்ளம் விழும். குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, நடுவில் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை இறக்கி, சிறு தீயில் 45 நிமிடம் போல வைக்கலாம். குக்கர் என்றால் கேஸ்கெட், வெயிட் இரண்டையும் கழற்றிவிடுங்கள். மேல்பக்கம் சிவக்காது, அவ்வளவுதான், எப்படியும் க்ரீம் மூடிவிடும்.

வெந்ததும் பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு, கவிழ்த்து, கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட்டு, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். போகி ராத்திரி செய்ய வேண்டிய இன்னொரு வேலை: ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்வது. சிரிக்காதீர்கள். பொங்கலன்று ஃப்ரிட்ஜில் மஞ்சள் கொத்திலிருந்து ஏழு காய்க் கூட்டுக்கு வாங்கின பூசணிக்கீற்று வரை எல்லாம் இருக்கும், பழத்தோடு சேர்த்து ஆறு அங்குல உயரத்துக்கு நிற்கிற கேக்குக்கு இடம் கேட்டால் கடைசி நேரத்தில் சண்டைதான் வரும். கண்ணாடித் தட்டு ஒன்றைக் கழற்றிவிட்டால் உயரம் கிடைக்கும்.

பொங்கலன்று காலை கேக் வேலை எதுவும் வேண்டாம், பால் பொங்கட்டும், எல்லாரும் சாப்பிடட்டும். ஒரே ஒரு வேலை மட்டும், பழத்தைக் கழுவி உலர்த்துவது. பச்சைக் காம்போடு முழுசாகக் கழுவ வேண்டும், காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஊறவைக்க வேண்டாம், உப்புத் தண்ணீரில் ஒரு முங்கு, நல்ல தண்ணீரில் ஒரு முங்கு, எடுத்துவிட வேண்டியதுதான். பழைய வேட்டித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம். தொட்டால் விரலில் ஈரம் தெரியக் கூடாது.

உலர்ந்ததும் பங்கு பிரியுங்கள். ஒரே அளவில், அடிபடாமல் இருக்கிற பதினாறு பதினெட்டுப் பழம் மேலே போக. நசுங்கினது, கோணலானது, தோள் வெளுத்தது எல்லாம், ஏறக்குறைய 200 கிராம், உள்ளே போகும். இந்த இரண்டாவது பங்கில்தான் நான் முதல் வருடம் செய்த தப்பை வேண்டுமென்றே செய்யப் போகிறோம். சின்னதாக நறுக்கி 50 கிராம் சர்க்கரை பிசறி முக்கால் மணி நேரம் விட்டால் கிண்ணத்தின் அடியில் சிவப்பு நீர் தேங்கும். அதை வடித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நாலைந்து மேசைக்கரண்டி தேறும், கேக்கை நனைக்க வெறும் சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சுகிறோமே, அதற்குப் பதில் இது. நீர் போன பழத்தை ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு ஏழெட்டு நிமிடம் கிளறினால் ஜாம் மாதிரி ஆகிவிடும். கரண்டியால் சட்டியின் அடியில் கோடு இழுத்தால் கோடு உடனே மூடக் கூடாது, அதுதான் பதம். முழுக்க ஆறட்டும்.

க்ரீம் விஷயத்தில் ஊருக்கு ஊர் தகராறு. டெட்ரா பாக்கெட்டில் குருமாவுக்கு வாங்குகிற ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் நிற்காது, கை வலிப்பதுதான் மிச்சம். விப்பிங் க்ரீம் என்று போட்டதுதான் வேண்டும், பால் க்ரீம் என்றால் கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 35 இருந்தால் நிம்மதி. ருசி பால் க்ரீமில்தான். ஆனால் பொங்கல் பானை வைத்த சமையலறைச் சூட்டில் அது சீக்கிரம் தளரும், பேக்கரிக்காரர்கள் வாங்குகிற பாலில்லாத விப்பிங் க்ரீம் ரொம்ப நேரம் நிற்கும், வாயில் கொஞ்சம் மெழுகு மாதிரி ஒட்டும். நான் இரண்டையும் பாதிப் பாதி, மொத்தம் 400 மில்லி எடுத்து ஒன்றாக அடிக்கிறேன், நின்று கொடுக்கிறது, ருசியும் இருக்கிறது. பாலில்லாததில் சர்க்கரை ஏற்கனவே இருக்கும், ருசி பார்த்துவிட்டு மேலே போடுங்கள். உறைந்த பாக்கெட்டை முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கி வைக்க வேண்டும். பாத்திரமும் பீட்டரின் கம்பிகளும்கூட அரை மணி நேரம் ஃப்ரீசரில் கிடக்கட்டும். நடுத்தர வேகத்தில் அடித்துக்கொண்டே போய், கம்பி போன தடம் க்ரீமில் அழியாமல் நிற்கும்போது மெதுவாக்குங்கள், தூக்கினால் முனை மடங்காமல் நின்றால் போதும். அதற்கு மேல் அரை நிமிடம் அடித்தாலும் பால் க்ரீம் திரிதிரியாகி வெண்ணெய்ப் பக்கம் போய்விடும்.

மதியம் மூன்று மணி வாக்கில் அடுக்க ஆரம்பிக்கலாம். கேக்கை நடுவில் குறுக்காக இரண்டாக்க, சுற்றிலும் கத்தியால் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டில் புதுத் தையல் நூலைச் சுற்றி இரண்டு முனையையும் எதிரெதிராக இழுங்கள், வாள் வைத்து அறுத்ததைவிட நேராக வரும். கீழ்த் துண்டில் சிவப்பு நீரில் பாதியைப் பிரஷ்ஷால் தடவி, க்ரீமை மெல்லியதாகப் பூசி, ஓரத்தில் க்ரீமாலேயே வரப்பு மாதிரி ஒரு வளையம் போட்டு, வரப்புக்குள்ளே ஆறின ஜாமைப் பரப்புங்கள். ஜாமில் இரண்டு ஸ்பூன் மட்டும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கேக்கின் நடுவில் போடப் போகிற கோலத்துக்கு வேண்டும். வரப்பு இல்லாவிட்டால் மேல் துண்டின் எடையில் ஜாம் பிதுங்கிப் பக்கவாட்டு க்ரீமை இளஞ்சிவப்பாக்கிவிடும். மேல் துண்டை வைத்து, மிச்ச நீரைத் தடவி, க்ரீமை எங்கும் ஒரு கை மெல்லியதாகப் பூசி இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உதிரியெல்லாம் அந்த முதல் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் இரண்டாவது பூச்சு பூசினால் சுவருக்கு ப்ரைமர் அடித்து பெயிண்ட் அடித்த மாதிரி சுத்தமாக வரும். சுற்றுகிற ஸ்டாண்டு இல்லையென்றால் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் தட்டை வைத்துத் திருப்பிக்கொள்ளலாம், நான் இன்னமும் அப்படித்தான்.

பழத்தை வைப்பது கேக் வெட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அதற்கு முன் வேண்டாம். காம்பைக் கிள்ளி, முழுப் பழமாகவே, நறுக்காமல், முனை மேலே பார்க்க ஓரமாக ஒரு வட்டம். கிள்ளின இடம் கீழே க்ரீமில் பதிந்துவிடும், நீர் கசிய வழியில்லை. சர்க்கரை தூவக் கூடாது, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் என்ன வைப்பது என்று இரண்டாவது வருடம் நான் யோசித்துக்கொண்டு நின்றபோதுதான், முட்டைக்குத் தடை போட்ட அதே அம்மா எட்டிப் பார்த்து, "வாசல்ல போட்டத இதுல போட முடியாதா?" என்று கேட்டார். போடலாம். 7 அங்குலக் கேக்கில் பழ வட்டத்துக்கு உள்ளே நாலு அங்குலம்தான் மிஞ்சும். ஒரு அங்குல இடைவெளி விட்டால் 5 புள்ளி, 3 வரை இடைப்புள்ளிக் கோலம் சரியாக உட்காருகிறது: நடுவில் ஐந்து, இருபக்கமும் நாலு நாலு, அதற்கு அப்பால் மூன்று மூன்று, ஆக 19 புள்ளி. புள்ளிக்கு ப்ளூபெர்ரி. சின்ன டப்பாவுக்கு அந்த விலையா என்று தோன்றினால் விதையில்லாத கறுப்புத் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வாசனைக்கு அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் விதை இருப்பதால் கேக்கில் குழந்தைகள் துப்பிக்கொண்டிருப்பார்கள். தாவரவியல்படி ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே கிடையாது, திராட்சைதான் பெர்ரி, தக்காளியும் கத்தரிக்காயும்கூட. அதனால் திராட்சை வைப்பதற்கு யாரும் சங்கடப்பட வேண்டாம்.

நான் அங்குலக்கோலால் அளந்து குறித்துக்கொண்டிருந்தேன். அம்மா ப்ளூபெர்ரியை இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக, கோலப்பொடி எடுக்கிற அதே பிடியில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நாலாவது வரிசைக்கு வரும்போது நான் குறித்திருந்த இடம் தப்பு என்று தெரிந்துவிட்டது, அவருடைய வரிசைதான் நேர். எடுத்து வைத்த இரண்டு ஸ்பூன் ஜாமை வடிகட்டியில் தேய்த்து, கொஞ்சம் க்ரீமில் கலந்தால் ரோஜா நிறம் வரும், அதைப் பைப்பிங் பையில் போட்டு, நுனியை ரொம்பச் சின்னதாக வெட்டி, புள்ளிகளைச் சுற்றி இழை இழுக்க வேண்டியதுதான். கை நடுங்குகிறவர்கள் புள்ளியைச் சுற்றாமல் நேர்கோட்டில் இணைத்து நட்சத்திரமாக்கிவிடலாம். இழை அறுந்தால் ஈரக் கத்தி முனையால் எடுத்துவிட்டு மறுபடி இழுக்கலாம், வாசல் கோலத்தைக் காலால் அழிக்கிறதைவிட சுலபம்.

பேக்கரிப் பழம் மாதிரி பளபளப்பு வேண்டுமென்றால் ஜெலட்டின் வேண்டாம், அது மாட்டு எலும்பு தோலிலிருந்தும் எடுப்பது, பொங்கலும் அதுவுமா வம்பு. அகர் அகர் தூள், அதாவது சைனா கிராஸ் என்று கடையில் கேட்டு வாங்குவது, கடற்பாசியிலிருந்து வருகிறது, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி அந்தப் பாசியைப் பறிக்கிறார்கள். 150 மில்லி தண்ணீரில் அரை டீஸ்பூன் தூளும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் பழத்தின் மேல் மட்டும் பிரஷ்ஷால் தொட்டுத் தடவுங்கள். நாற்பது டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிண்ணத்திலேயே கட்டிவிடும், திரும்பச் சூடாக்கினால் கரையும். சர்க்கரை இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான், வெட்டாத தோலின் மேல் ஒன்றரை மணி நேரத்தில் அது எதுவும் செய்வதில்லை, பார்த்தாயிற்று.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து ஒரு வெட்டு, மறுபடி முக்கித் துடைத்து அடுத்த வெட்டு. மெழுகுவர்த்தியைக் கோலத்துக்குள் குத்தாமல் பழத்துக்கும் பழத்துக்கும் நடுவில் குத்துங்கள், இல்லாவிட்டால் பாட்டியிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மிச்சம் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். ஆனால் மறுநாள் பழம் துவண்டு நீர் விட ஆரம்பிக்கும், ஆகவே மிச்சத் துண்டுகளிலிருந்து பழத்தை எடுத்து வேறு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். கேக்கை இறுக்க மூடுகிற டப்பாவில் வையுங்கள். சென்ற முறை தட்டோடு அப்படியே வைத்துவிட்டேன், மாட்டுப் பொங்கலன்று காலை எடுத்துச் சாப்பிட்டால் க்ரீமில் பக்கத்துப் பாத்திரத்து வெண்பொங்கலின் மிளகும் பெருங்காயமும் மணந்தது, மகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.